பொன்வாசலிலிருந்து இடைக்கச்சை வரை: இத்தாலியில் நான்கு நாள்

முதல் நாள்: ராவென்னா

கிறிஸ்துமஸ் குடிலில் மாடும் கழுதையும் இல்லாமல் நம் ஊரில் பார்க்க முடியாது. லூக்கா நற்செய்தியைத் திறந்து பாருங்கள். தீவனத் தொட்டி இருக்கிறது. மாடு இல்லை, கழுதை இல்லை, குகையும் இல்லை. மாதாவின் தாய் அன்னம்மாள், தந்தை சுவக்கீன் என்ற பெயர்கள் நான்கு நற்செய்திகளில் எதிலும் கிடையாது. செப்டம்பர் 8-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொண்டாடும் மாதா பிறந்தநாளுக்கும் விவிலியத்தில் ஒரு வரிகூட இல்லை. திருமுறைக்குள், அதாவது விவிலியமாகத் திருச்சபை ஏற்ற நூல் வரிசைக்குள், சேராத நூல்கள் தந்தவை இவை. இவற்றைக் கழித்துவிட்டால் இடைக்கால ஐரோப்பாவின் மாதா ஓவியங்களில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

கிளம்புமுன் மூன்று நூல்களின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது யாக்கோபின் முன்நற்செய்தி: மாதாவின் பிறப்பையும் இளமையையும் சொல்லும் கதை, 2-ஆம் நூற்றாண்டு, கிரேக்கம். இரண்டாவது போலி மத்தேயு நற்செய்தி. முதல் நூலின் கதையை லத்தீனில் விரித்துச் சொன்ன பிற்கால நூல் இது. மேற்கு ஐரோப்பா கதையை அறிந்தது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். மூன்றாவது 13-ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவி யாக்கோபு தெ வோராஜினே தொகுத்த புனிதர் கதைகள், ‘லெகெந்தா அவுரேயா’. முன்நற்செய்தியை ஏற்கத்தகாத நூல்களின் பட்டியலில் திருச்சபை சேர்த்தே வைத்திருந்தது. பட்டியல் ஓலையில் இருந்தது, கதை மக்கள் வாயில் இருந்தது. ஓவியர்கள் வாயிலிருந்ததைத்தான் வரைந்தார்கள்.

ராவென்னாவுக்கு வருகிறவர்கள் சான் வித்தாலே ஆலயத்தின் மொசைக்கில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது பேராலயத்தை ஒட்டிய பேராயர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது: ஆயர் மக்சிமியனின் தந்த நாற்காலி. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. தந்தப் பலகைகளை இணைத்துச் செய்தது; சில பலகைகள் தொலைந்துவிட்டன. முன்பக்கத்தில் திருமுழுக்கு யோவானும் நான்கு நற்செய்தியாளர்களும் நிற்கிறார்கள், பக்கங்களில் பழைய ஏற்பாட்டு யோசேப்பின் கதை. கூட்டம் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். நீங்கள் முதுகுச்சாய்வுக்கு வாருங்கள்.

மங்கள வார்த்தைப் பலகையில், அதாவது இயேசு பிறக்கப்போவதை வானதூதர் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சியில், கபிரியேல் வரும்போது மரியாள் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறார். கையில் தக்களி, காலடியில் கம்பளிக் கூடை. லூக்காவில் இதெல்லாம் இல்லை. எருசலேம் ஆலயத்தின் திரைக்குச் செந்நூலும் கருஞ்சிவப்பு நூலும் நூற்கும் வேலை சீட்டுப் போட்டதில் மரியாளுக்கு விழுந்தது என்று முன்நற்செய்தி சொல்கிறது. தக்களி அங்கிருந்து வந்தது. பின்னாளில் மேற்கத்திய ஓவியர்கள் மாதாவின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்கள். கிழக்குத் திருச்சபையின் படங்களில் தக்களி தங்கிவிட்டது. எனவே பழைய மங்கள வார்த்தைப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் கையைப் பாருங்கள்.

அடுத்தது கசப்பு நீர்ச் சோதனை. கற்பில் ஐயம் எழுந்த பெண்ணைக் கசப்பு நீர் குடிக்கவைக்கும் சட்டம் எண்ணிக்கை நூலின் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை மரியாள்மேலும் அவர் கணவர் சூசையப்பர்மேலும் ஏவியது முன்நற்செய்தி. இருவரும் குடிக்கிறார்கள், இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தந்தத்தில் மரியாள் கிண்ணத்தோடு நிற்கிறார், வானதூதர் அருகில் இருக்கிறார். மேற்கு ஐரோப்பாவில் இந்தக் காட்சி அபூர்வம். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: மாதாவைச் சந்தேகிக்கும் காட்சியைப் பீடத்துக்கு அருகே வைக்க எந்தப் பங்கு விரும்பும்?

கடைசியாகப் பிறப்புப் பலகை. படுத்திருக்கும் மரியாளை நோக்கி ஒரு பெண் கையை நீட்டுகிறாள். கொடுப்பதற்கோ வாங்குவதற்கோ நீட்டிய கை இல்லை அது. துவண்டு தொங்கும் கை. அவள் சலோமே. கன்னி பெற்றாள் என்பதை நம்ப மறுத்துத் தானே சோதித்துப் பார்த்தாள், கை பட்டுப்போனது, குழந்தையைத் தொட்டதும் குணமானது. கதை தெரியாதவர் கண்ணுக்கு அவள் பரிசு கொண்டுவந்த பெண்ணாகத்தான் படுவாள். மணிக்கட்டைப் பார்த்தால் கதை பிடிபடும்.

மேலே தீவனத் தொட்டியில் குழந்தை, மாடு, கழுதை. இந்த இரண்டு விலங்குகளும் போலி மத்தேயுவிலிருந்து வந்தவை என்று பல கையேடுகள் எழுதுகின்றன. கதையாக எழுதி வைத்தது அந்த நூல்தான். கல்லில் அவை அதற்கும் முன்பே வந்துவிட்டன. மிலானில் புனித அம்புரோஸ் ஆலயத்தில் 4-ஆம் நூற்றாண்டுக் கல்பேழை ஒன்று இருக்கிறது. அதன் மூடியின் ஒரு பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தையும் இருபுறமும் இந்த இரண்டு விலங்குகளும் மட்டும் உண்டு, மாதாகூட இல்லை. ‘காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தொட்டியை அறியும்’ என்ற எசாயாவின் வரியே மூலம். ஆக, நூல் சொன்னதைப் படம் வரைந்தது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் படம் முதலில் வந்து, நூல் அதற்குக் கதை எழுதியிருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு வேண்டாம். சான் வித்தாலே உள்ளிட்ட இடங்களுக்கான கூட்டுச் சீட்டிலேயே இதுவும் அடங்கும். நாற்காலிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள்: பதுவை

பதுவை அந்தோனியாரின் அதே பதுவைதான். ராவென்னாவிலிருந்து ரயிலில் வருவோர் ஃபெராராவிலோ பொலோஞ்ஞாவிலோ மாற வேண்டும். பதுவை நிலையத்திலிருந்து ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம் நடக்கும் தூரம்.

முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒரு முறைக்கு 25 பேர். முதலில் கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள். உடம்போடு வரும் ஈரமும் தூசியும் சுவருக்குப் போகாமல் அங்கே காற்றைச் சீராக்குகிறார்கள். பிறகு உள்ளே 15 நிமிடம். உங்கள் முறைக்கு வாசலில் இல்லாவிட்டால் சீட்டு வீண். பையைக் காப்பறையில் வைத்துவிட வேண்டும். 8 மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கட்டடம் சுமார் 21 மீட்டர் நீளம், 8.5 மீட்டர் அகலம், 13 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். நமக்கு வேண்டிய வரிசை இருப்பதிலேயே உயரத்தில் இருக்கிறது.

என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி என்ற பணக்காரர் 1300-இல் நிலம் வாங்கிக் கட்டியது. 1305 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளில், அர்ச்சிப்பு நடந்தது. ஓவியம் ஜியோட்டோவும் அவர் பட்டறையும்.

அந்த 15 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது? உள்ளே போனதும் எல்லோரும் மேற்குச் சுவரின் இறுதித் தீர்ப்பைப் பார்த்து நின்றுவிடுவார்கள். நீங்கள் நேரே பீடத்துப் பக்கம் போங்கள். பீடத்தை நோக்கி நின்றால் வலப்பக்கம் ஜன்னல்கள் உள்ள தெற்குச் சுவர். அதன் மேல்வரிசையில் பீடத்தை ஒட்டிய கட்டத்தில் கதை தொடங்கி வாசல் பக்கமாக ஆறு கட்டம் ஓடுகிறது. அங்கிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவி மறுபடி பீடத்தை நோக்கி ஆறு கட்டம். இந்தப் பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றுகூட விவிலியத்தில் இல்லை. தெற்குச் சுவரைப் பார்க்கும்போது கீழே உள்ள ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும். உள்ளங்கையால் ஜன்னலை மறைத்துக்கொண்டு பாருங்கள். ஐந்து நிமிடம் தெற்கு, ஐந்து நிமிடம் வடக்கு, மீதியில் மற்றவை.

முதல் கட்டம்: பிள்ளை இல்லாதவன் என்று சுவக்கீனை ஆலயத்திலிருந்து துரத்துகிறார் குரு. சுவக்கீனின் மார்போடு ஓர் ஆட்டுக்குட்டி ஒண்டியிருக்கிறது. உள்ளே இன்னொருவன் ஆசீர் பெறுகிறான். படத்தின் வலப்பக்கம் வெறும் நீல வெளி. போக இடமில்லாத மனிதன் அந்த வெறுமைக்குள் தள்ளப்படுகிறான். ‘மனம் நொந்து மலைக்குப் போனார்’ என்பதற்கு மேல் கதை ஒன்றும் சொல்லவில்லை. அந்த நோவை வரைய ஜியோட்டோ எடுத்துக்கொண்டது எதையும் வரையாத ஒரு சாண் சுவர். இரண்டாம் கட்டத்தில் அவர் தலை குனிந்து நிற்கிறார், ஆட்டு மந்தையின் நாய் தாவி வரவேற்கிறது, இடையர்கள் இருவர் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். ‘ஐயாவுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்கும் பார்வை.

மூன்றாம் கட்டத்தில் அன்னம்மாளின் அறை. சிறிய ஜன்னல் வழியாக வானதூதர் பாதி உடம்போடு நுழைந்து நற்செய்தி சொல்கிறார். வெளித் திண்ணையில் வேலைக்காரி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த அறையின் கட்டிலையும் திரையையும் பெட்டியையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்குச் சுவரின் முதல் கட்டமான மாதா பிறப்பும் இதே அறையில்தான் நடக்கிறது. வாக்குக் கிடைத்த வீட்டிலேயே வாக்கு நிறைவேறுகிறது என்பதை எழுத்தில்லாமல் சொல்லும் வழி இது. எதிரெதிர்ச் சுவர்களில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

ஆறாவது கட்டம் எருசலேமின் பொன்வாசல். பிரிந்திருந்த கணவனும் மனைவியும் வானதூதர் சொல்லி வாசலில் சந்திக்கிறார்கள். இரண்டு முகமும் ஒன்றாகச் சேர்ந்து முத்தமிடும் இடத்தில் அன்னம்மாளின் விரல்கள் சுவக்கீனின் தலைமுடிக்குள்ளும் தாடியிலும் இருக்கின்றன. வயதான தம்பதியின் ஆசையை இவ்வளவு மரியாதையோடு வரைந்த சுவர் வேறு எனக்குத் தெரியாது. இந்த முத்தத்தில்தான் மாதா கருவானார் என்று நம்பியவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அதனால் பின்னாளில் அமல உற்பவத்தின் (மாதா பிறவிப் பாவமில்லாமல் கருவானார் என்ற நம்பிக்கையின்) அடையாளமாகவே இந்தக் காட்சி பீடங்களில் ஏறியது. வாசலில் நிற்கும் பெண்களில் ஒருத்தி மட்டும் கறுப்புப் போர்வையால் பாதி முகத்தை மூடியிருக்கிறாள். அவள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

வடக்குச் சுவரில் கோல்களின் கதை. மரியாளை மணக்க விரும்புவோர் ஆளுக்கொரு கோல் கொண்டுவந்து குருவிடம் கொடுக்கிறார்கள். யாருடைய கோல் பூக்கிறதோ அவருக்குப் பெண். மூன்று கட்டம் இதற்கே. கூட்டத்தின் ஓரத்தில் தயங்கி நிற்கும் நரைத்த தாடிக்காரர் சூசையப்பர். கல்யாணக் கட்டத்தில் அவர் கோலில் பூவும் புறாவும் இருக்கின்றன. தோற்ற இளைஞன் ஒருவன் தன் கோலை முழங்காலில் வைத்து ஒடிக்கிறான். நம் ஊர்ச் சுரூபங்களில் சூசையப்பர் கையில் லீலிப் பூத்தண்டு இருக்கிறதே, அது இந்தக் கோல்தான்.

நேரம் மிஞ்சினால் நடுவரிசையின் பிறப்புக் காட்சியைப் பாருங்கள். முன்நற்செய்தி குகை என்கிறது. போலி மத்தேயு, மூன்றாம் நாள் குகையிலிருந்து தொழுவத்துக்கு மாறினார்கள், மாடும் கழுதையும் வணங்கியது அங்கேதான் என்கிறது. ஜியோட்டோ பாறையை ஒட்டி மரக்கொட்டகை போட்டு இரண்டையும் சமாளித்துவிட்டார். மருத்துவச்சியும் இருக்கிறாள். 1372-இல் சுவீடனின் புனித பிரிசித்தா பெத்லகேமில் கண்ட காட்சியில் மாதா நோவே இல்லாமல் முழந்தாளிட்டுப் பெற்றார். அந்தக் காட்சி பரவியபின் மேற்கத்திய ஓவியங்களில் மருத்துவச்சிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. படத்தில் மாதா படுத்திருக்கிறாரா முழந்தாளிட்டிருக்கிறாரா என்பதை வைத்தே காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

இதே படத்தில் மாதாவின் நீலப் போர்வை பெரும்பகுதி உதிர்ந்திருக்கிறது. ஈரச் சுண்ணக்காரையில் போட்ட நிறம் காரையோடு சேர்ந்தே இறுகிவிடும், உரியாது. நீலம் அப்படி நிற்காது. சுண்ணாம்பின் காரம் அதற்கு ஆகாது. எனவே காரை காய்ந்தபின் பசையோ முட்டையோ கலந்து மேலே பூசுவார்கள். முதலில் உதிர்வதும் அதுதான். விலை உயர்ந்தது என்பதால் மாதாவுக்குக் கொடுத்த நிறம், மாதாவை விட்டே முதலில் போகிறது.

மூன்றாம் நாள்: புளோரன்ஸ்

பதுவையிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இன்று ஒரே ஆலயம், சாந்தா குரோச்சே. திருச்சிலுவை ஆலயம் என்று பெயர். ஒரே பட்டறையின் மூன்று தலைமுறையை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்: ஜியோட்டோ, அவரிடம் 24 ஆண்டு இருந்த தத்தேயோ காத்தி, தத்தேயோவின் மகன் அஞ்ஞோலோ காத்தி. இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் அஞ்ஞோலோவிடம் 12 ஆண்டு தொழில் கற்ற சென்னினோ சென்னினி. ஓவியத் தொழிலுக்கான அவருடைய கைநூல் இன்றும் கிடைக்கிறது. மேலே சொன்ன நீலத்தின் சங்கதி அதில் உண்டு.

வலப்பக்கச் சிறகின் கடைசியில் பரோன்செல்லி சிற்றாலயம். தத்தேயோ 1328-க்குப் பின் வரைந்தது. பதுவையில் ஆறு கட்டம் எடுத்துக்கொண்ட சுவக்கீன் கதைக்கு இங்கே அவ்வளவு இடமில்லை. கூர்வளைவின் கீழே துரத்தலையும் வானதூதர் வருகையையும் ஒரே பரப்பில் அடக்க வேண்டியிருந்தது. கதை அவசரமாகப் போகிறது. அந்த வெறும் நீல வெளிக்கு இங்கே இடமே இல்லை. ஆனால் மாதாவைக் காணிக்கையாக்கும் காட்சியில் தத்தேயோ ஆசானைத் தாண்டுகிறார். மூன்று வயதுக் குழந்தை யார் கையையும் பிடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் பதினைந்து படி ஏறினாள் என்பது கதை. சீயோன் மலைத் திருப்பயணப் பாடல்கள் பதினைந்து, படியும் பதினைந்து. தத்தேயோ படிகளைத் திசை திருப்பித் திருப்பி அடுக்கிக் கட்டடத்தையே கதாநாயகன் ஆக்கிவிட்டார். பெரிய படிக்கட்டு, நடுவில் சின்னப் பெண். பின்னால் வந்த பல ஓவியர்கள் இந்த அமைப்பைக் கடன் வாங்கினார்கள்.

பொருட்காப்பறைக்குள் ரினுச்சினி சிற்றாலயம். ஜொவான்னி தா மிலானோ 1365-இல் இதே துரத்தலை வரைந்தார். அவருக்கு ஆலயம் ஒரு பெரிய கோவிலின் உட்புறம். ஆட்டுக்குட்டியோடு வந்த கூட்டத்துக்கு நடுவே சுவக்கீன் அவமானப்படுகிறார். பதுவையில் அவமானம் தனிமை, இங்கே அவமானம் ஊர் பார்ப்பது. கதை ஒன்று, வலி வேறு. மூன்று துரத்தல்களையும் இரண்டு நாளுக்குள் பார்த்தால்தான் இது உறைக்கும்.

நடுப்பீடத்தின் பின்னே அஞ்ஞோலோவின் திருச்சிலுவைக் கதை. வலச் சுவரின் உச்சியில் தொடங்குங்கள்: ஆதாம் இறந்ததும் மகன் சேத்து வானதூதர் தந்த கிளையைக் கல்லறையில் நடுகிறான். அது மரமாகி, வெட்டப்பட்டு, சாலமோன் காலத்தில் பாலமாகக் கிடக்கிறது. சேபா நாட்டு அரசி அதை மிதிக்க மறுத்து மண்டியிடுகிறாள். பிறகு அந்த மரமே சிலுவை ஆகிறது. தொலைநோக்கி இல்லாமல் இந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது.

இந்தக் கதைகள் பிறகு ஏன் மங்கின? 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் ஆலயப் படங்களில் தவறான கொள்கை எதுவும் நுழையக்கூடாது என்றது. 1568-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் திருத்திய செபநூலில் மாதாவைக் காணிக்கையாக்கிய திருநாளே எடுக்கப்பட்டது. 1585-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதைத் திரும்பச் சேர்த்தார். இப்போதும் நவம்பர் 21-இல் அது வருகிறது. இழப்பு ஓவியத்துக்குத்தான் அதிகம். மருத்துவச்சியும் கசப்பு நீரும் திரும்பி வரவே இல்லை.

நான்காம் நாள்: பிராத்தோ

புளோரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். பிராத்தோவின் நடு நிலையத்தில் இறங்காமல் போர்த்தா அல் செர்ராலியோவில் இறங்கினால் பேராலயம் சில நிமிட நடை.

இங்கே கதையின் நாயகர் நமக்கு வேண்டியவர்: புனித தோமையார். மாதா இறந்தபோது திருத்தூதர்கள் எல்லோரும் கூடினார்கள், தோமையார் மட்டும் இல்லை, அவர் இந்தியாவில் இருந்தார். தாமதமாக ஒலிவ மலைக்கு வந்து சேர்ந்தவர், மாதா விண்ணகம் ஏறுவதைக் கண்டார். மாதா தன் இடைக்கச்சையை அவிழ்த்து அவருக்குப் போட்டார். மற்றவர்கள் நம்பவில்லை, கச்சையைக் காட்டி, கல்லறையைத் திறக்கச் சொன்னார், அது வெறுமையாக இருந்தது. உயிர்ப்பை நம்பாதவர் என்று பெயர் வாங்கிய ஒருவரே விண்ணேற்புக்குச் சாட்சி ஆகிறார். அரிமத்தியா யோசேப்பின் பெயரில் உலவிய லத்தீன் நூல் சொல்வது இது. தோமையார் இந்தியாவுக்குப் போனார் என்பது அதைவிட மிகப் பழைய கதை. சிரியாவில் பிறந்த ‘தோமையார் பணிகள்’ நூலும் திருமுறைக்கு வெளியில்தான் நின்றது. ஜியோட்டோ தூரிகை பிடித்த தலைமுறையில்தான் வெனிஸ்காரர் மார்க்கோ போலோ சோழமண்டலக் கரையில் தோமையார் கல்லறை இருப்பதைச் சொன்னார். மயிலாப்பூர் சாந்தோமும் பிராத்தோவின் கச்சையும் ஒரே கதைக் குடும்பம்.

பிராத்தோ மரபு இப்படிப் போகிறது: மிக்கேலே தகோமாரி என்ற ஊர் வணிகர் எருசலேமில் பெண் எடுத்தார், கச்சை சீதனமாக வந்தது, 1141-இல் ஊருக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்கு மேலேயே படுத்துத் தூங்குவார். அது முறையல்ல என்று வானதூதர்கள் இரவில் அவரைத் தூக்கித் தரையில் கிடத்துவார்கள். சாகும்போது ஆலயத்திடம் ஒப்படைத்தார். 1312-இல் முஷாத்தினோ என்பவன் திருட முயன்றான். கையை வெட்டி அவனை எரித்தார்கள். அதன் பிறகே தனிச் சிற்றாலயம் கட்டும் எண்ணம் வலுத்தது. 1392 முதல் 1395 வரை அஞ்ஞோலோ காத்தி அதன் சுவர்களை வரைந்தார். மாதாவின் கதையும் தகோமாரியின் கதையும் ஒரே சிற்றாலயத்தில்: இங்கே சுவக்கீனும் உண்டு, கப்பலேறி வரும் பிராத்தோ வணிகரும் உண்டு. எருசலேமில் தொடங்கிய கதை உள்ளூர்த் தெருவில் முடிகிறது. வெண்கலக் கிராதி மாசோ தி பர்த்தொலோமேயோவின் வேலை; பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

கச்சையை ஆண்டுக்கு ஐந்து முறை காட்டுகிறார்கள்: உயிர்ப்பு ஞாயிறு, மே 1, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, டிசம்பர் 25. முகப்பின் வலது மூலையில் வெளிப்புறமாக ஒட்டியிருக்கும் வட்டப் பிரசங்க மேடை இதற்காகவே டொனாட்டெல்லோவும் மிக்கெலோஸ்ஸோவும் செய்தது, 1428-இல் ஒப்பந்தம். ஆடும் குழந்தைகளின் மூலச் சிற்பங்கள் ஆலய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. பேழையின் சாவிகளை மறைமாவட்டமும் நகராட்சியும் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு தரப்பு மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. செப்டம்பர் 8 வருகிறவர்கள் சதுக்கத்தில் முகப்பின் வலப்பக்கம் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ஆகஸ்ட் 15-இல் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். கச்சை சுமார் 87 சென்டிமீட்டர் நீள மெல்லிய பட்டை, பச்சை நிறக் கம்பளியில் பொன்னிழை. சதுக்கத்திலிருந்து பேழையின் பளபளப்பு தெரியும், நெசவு தெரியாது.

நெசவைக் கிட்டத்தில் பார்க்க வழியில்லை, கதையைப் பார்க்கலாம். பிரெத்தோரியோ மாளிகை அருங்காட்சியகத்தில் பெர்னார்தோ தாத்தி 1337-38-இல் வரைந்த பீட ஓவியத்தின் அடிவரிசைப் பலகைகள் இருக்கின்றன. கண் மட்டத்தில், தொலைநோக்கி வேண்டாம். தோமையார் கச்சையை ஒப்படைப்பது முதல் அது பிராத்தோ வந்து சேர்வது வரை சின்னச் சின்னக் கட்டங்களில் போகிறது. தூங்கும் வணிகரை வானதூதர்கள் தூக்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பீடத்தின் மேற்பலகை இங்கே இல்லை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரோ எப்போதோ அதன் கீழ்ப்பாதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். வானதூதர்கள் நடுவே மாதா அமர்ந்து கச்சையை நீட்டுகிறார். கீழ் விளிம்பில் அதை வாங்கும் தோமையாரின் இரண்டு கைகள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.